ஒரே நிறத்தில் இரண்டு அவசரப் பைகள்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மூத்த மகளும் பிள்ளைகளும் சுகம். என் மூக்குக்கண்ணாடி மட்டும் சுகமில்லை; அதைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தை சௌக்கியமா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போன் அடித்தால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் இங்கே தும்மினால் உங்கள் எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிக்கிறார். இது உங்கள் காதுக்கு மட்டுமான விஷயம், ஆகையால் கடிதம்.

விஷயம் உங்கள் சின்ன மாப்பிள்ளையைப் பற்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர்மேல் பொறாமை கிடையாது. ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவன் நான். எத்தனை பெரிய வீடு, எத்தனை பெரிய கட்டில் பார்த்திருப்பேன்! பொறாமைப்பட ஆரம்பித்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான். ஆனால் இரண்டு குடும்பமுமாகச் சேர்ந்து ஒரு பகல் காட்டில் நடந்துவிட்டு வரப்போகிறோம் என்று உங்கள் மூத்த மகள் சொன்னபோது, போனில் தாங்கள் என்ன சொன்னீர்கள்? "சின்ன மாப்பிள்ளை கூட வர்றார்ல? அப்போ பயமில்லை." நான் அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், மாமா. கல்யாணமான நாள் முதலாக இந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். உங்க வீட்டுக் கூரை ஒழுகினப்போ ஏணியில ஏறினது யாரு? ஏணி சறுக்கினது வேற விஷயம். ஏறினது நான்தானே? எனக்கு ஒரு "பயமில்லை" கிடையாதா?

உங்களுக்கே தெரியும், அவருக்கு லிஃப்ட் கம்பெனியில வேலை. பாதியில நின்னுபோன லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கணும். அதனால மனுஷனுக்கு எப்பவும் ஏதாவது நிக்கும், யாராவது மாட்டிக்குவாங்கங்கிற நினைப்புதான். "ஒரு பகல்தான்னாலும் காடு காடுதான் அண்ணே, கையில ஒரு அவசரப் பை இருக்கணும்"னு சொல்லி, நாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தப்போ சாப்பாட்டு மேஜை மேல தன் பையை வச்சுக் கடை விரிச்சார். டார்ச், கயிறு, விசில், திசைகாட்டி, காயத்துக்குக் கட்டுற துணி, கைக்குட்டை மாதிரி மடிச்சு வச்ச ஒரு வெள்ளித் தாள். அதைப் பிரிச்சா ஒரு ஆளையே போர்த்திடலாம், குளிர் அண்டாதாம். அப்புறம் ஒரு சின்ன டப்பா நிறைய வாசலின் தடவின பஞ்சு. எல்லாம் பையோட ஓரத்து அறைகள்லேருந்து வந்ததுதான். நடுவுல இருந்த பெரிய ஜிப்பை மட்டும் அவர் திறக்கல. "அது சொந்தச் சாமான், அண்ணே"ன்னு ஒரு சிரிப்பு வேற. உங்க மூத்த மகள் அந்த வெள்ளித் தாளைத் தடவித் தடவிப் பார்த்து, "எவ்வளவு யோசிச்சிருக்கார் பாருங்க, என் தங்கச்சி குடுத்து வச்சவ"ன்னா. என் காதுபட. நான் அங்கயே உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்கேன். அது தொண்டையிலயே நின்னுபோச்சு. அதுக்கும் அவர்தான் ஓடிப்போய்த் தண்ணி கொண்டாந்தார். வயிறு எரியாதா, நீங்களே சொல்லுங்க.

மறுநாளே பைக்கடைக்குப் போனேன். அவர் பையைவிடப் பெருசா கேட்டேன், இல்லைன்னாங்க. சரி, வேற நிறமாவது குடுங்கன்னேன், அதுவும் இல்ல. அதே ஆரஞ்சு, அதே அளவு, அதே பட்டை. வாங்கித் தொலைச்சேன். பை ஒண்ணா இருந்தா என்ன, உள்ள இருக்கிறதுல காட்டிடலாம்னு ஒரு வைராக்கியம். அவர் ஒரு கயிறு வச்சா நான் ரெண்டு. அவருக்குச் சின்ன டார்ச்னா எனக்கு வாட்ச்மேன் டார்ச். அவர் விசில் கீச்சுன்னுச்சு, நான் மைதானத்துல ரெஃப்ரி ஊதுற விசிலா வாங்கினேன். வெள்ளித் தாள் யாருக்கு வேணும், நம்ம கடையில பட்டப்பகலை இருட்டாக்குற கெட்டித் திரை இருக்கு, அதுல ஆளுயரத்துக்கு ஒண்ணு. அதை மரத்துல மாட்டத் திரையை இழுத்துக் கட்டுற காந்தக் கொக்கி ஒரு கைப்பிடி. அந்தப் பஞ்சு எதுக்குன்னு எனக்குப் புரியல, அவர்கிட்டப் போய்க் கேக்கவும் மனசு வரல. நானும் உக்காந்து பஞ்சுல வாசலின் தடவி ஒரு டப்பா ரொப்பிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். பின்னால வேன்ல கொழுந்தியா "இது எதுக்கு அத்தான்?"னு கேட்டப்போ, "குளிர் காத்து, காதுல வச்சுக்க"ன்னேன். "ஐயோ அத்தான், அது அடுப்பு மூட்ட! ஈர விறகுகூடப் பத்திக்கும்"னு வேனே குலுங்கச் சிரிச்சா. அப்ப என் ஒரு காதுல ஏற்கெனவே பஞ்சு இருந்துச்சு.

எல்லாத்தையும் அடைச்சு, கடைசியா நம்பர் பூட்டும் போட்டேன். ஏன்னா நான் அவர் பையைப் பார்த்துச் செஞ்ச மாதிரி அவர் என் பையைப் பார்த்துச் செஞ்சிடக் கூடாதில்ல? தூக்கிப் பார்த்தேன், தோள்பட்டை கழண்டு வந்துடும் போல இருந்துச்சு. "அவசரத்துக்குப் போறோமா, வீட்டையே காலி பண்றோமா?"ன்னா உங்க மகள். கனம் குறையட்டும்னு தண்ணி பாட்டிலை எடுத்து வெளிய வச்சேன். சத்தியமா அதைத் தவிர வேற எதையும் எடுக்க மனசு வரல, மாமா, ஒவ்வொண்ணும் அவர்கிட்ட இருந்ததைவிட ஒசத்தி.

காட்டு வாசல்ல வழி ரெண்டாப் பிரிஞ்சுது. சின்னவர் வலது பக்கம்னார். அவர் இடதுன்னு சொல்லியிருந்தா நான் வலதுன்னு சொல்லியிருப்பேன். ஆக, நான் இடது. கூட யாரும் வரல. உங்க மகள் மட்டும், "தனியா விட்டா எங்க அப்பாவுக்கு யார் பதில் சொல்றது"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தா. எனக்கு என்ன கவலை, திசைகாட்டி பைப்பட்டையில தொங்குது. கைக்கு எட்டட்டும்னு காந்தக் கொக்கியையும் அதே பட்டையிலதான் வரிசையா மாட்டி வச்சிருந்தேன். என்ன அருமையான திசைகாட்டிங்கறீங்க! நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளும் கூடவே திரும்பி, நேரா முன்னால காட்டுது. நாம வடக்கு நோக்கியே போறோம்னு நான் பெருமையா சொல்லிக்கிட்டே நடந்தேன். உங்க மகள்தான் ஒரு இடத்துல நின்னு, "வடக்கேயே போனா இந்தப் பாறை எப்படிங்க மறுபடியும் வருது?"ன்னா. பாறைன்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்னேன். "இதுல என் கைக்குட்டை காயுது"ன்னா.

அந்த நேரம் பார்த்து மழை. சரி, இதுக்குத்தானே இவ்வளவும் சுமந்தோம், திரையைக் கட்டிக் கூடாரம் போட்டு உங்க மகளை உக்கார வச்சு, "யாரு குடுத்து வச்சவ?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடணும்னு பையை இறக்கிக் குனிஞ்சேன். கண்ணாடி கீழ விழுந்துச்சு. தேடுறேன் தேடுறேன்னு நானே அதை மிதிச்சேன். கண்ணாடி இல்லாம பூட்டுல நம்பர் எங்க தெரியும்? உங்க மகளைத் திருப்பச் சொல்லலாம்னா, நம்பர் எனக்கு ஞாபகமும் இல்ல. அவருக்குத் தெரியக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சுப் போட்ட நம்பர் எனக்கே தெரியாமப் போச்சு. ரெண்டு கயிறு, வாட்ச்மேன் டார்ச், ஆளுயரத் திரை எல்லாத்தையும் வச்சுக்கிட்டு, பைக்குப் பக்கத்துல நனைஞ்ச கோழியா நின்னோம். உங்க மகள் அழுவான்னு நெனச்சேன். அவ அந்தப் பை மேல ஏறி உக்காந்து, "உக்காரவாவது உதவுச்சே"ன்னா. அழுதிருந்தாக்கூடத் தேவலை.

திசைகாட்டியை விட்டா, விசில் மட்டும்தான் வெளிய தொங்கினது. ஊதினேன். ஊதுறப்பவே எனக்குத் தெரியும், எவன் வரக் கூடாதோ அவன்தான் வருவான். வந்தார். குடையோட, தண்ணியோட, சட்டையில சேறு படாம வந்தார். திசைகாட்டியை ஒரு பார்வை பார்த்தார். பட்டையில இருந்த காந்தக் கொக்கியை எல்லாம் மெதுவா எடுத்து உங்க மகள் கையில குடுத்தார். முள் பாட்டுக்கு வேற பக்கம் போய் நின்னுச்சு. "கண்ணாடி எங்க அண்ணே?"ன்னார். விழுந்தாலும் மீசையில மண் ஒட்டக் கூடாதில்ல? "பையில பத்திரமா இருக்கு"ன்னேன். என் பையை அவர் தோள்ல தூக்கிக்கிட்டார். வெறுங்கையோட அவர் பின்னால நடக்க எனக்கு மானம் போகுது, அதனால அவர் பையைப் பிடுங்கி நான் மாட்டிக்கிட்டேன். என்ன மாமா அது, பூ மாதிரி இருக்கு! உங்க மகள் தோளைப் பிடிச்சுக்கிட்டு வேன் வரைக்கும் நடந்தேன். கேட்டவங்களுக்குக் கால் சுளுக்குன்னேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். வேன் கிட்ட வந்ததும் எல்லாரும் என்ன ஆச்சுன்னு சூழ்ந்துக்கிட்டப்போ அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒண்ணுமில்ல, அண்ணன் அந்தப் பக்க வழியைப் பார்த்துட்டு வந்தார். நல்ல வழிதான், மழைதான் கெடுத்திடுச்சு." காப்பாத்தினவன் காட்டிக் குடுக்கவாவது வேணாமா? சிரிச்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இப்படி நல்லவனா இருந்தா நான் எங்க போறது? என் மேலயே எனக்கு எரிச்சல் வருது, அதுவும் அவராலதான்.

ஆகவே மாமா, பெரியவராகிய தாங்கள் தலையிட்டு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். குடும்பப் பயணங்களுக்கு அவர் இனிப் பை கொண்டுவரக் கூடாது. அல்லது, அன்று போனில் சொன்ன "பயமில்லை"யைத் தாங்கள் திரும்பப் பெற வேண்டும். இரண்டும் முடியாதென்றால், இனி அவர் வரும் இடத்துக்கு நான் வருவதாக இல்லை. பைகள் அப்படியே மாறி அவருடையது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்த நடு ஜிப்புக்குள் என்ன சொந்தச் சாமான் என்று எனக்குத் தெரியாதா? சீப்பு, வாசனைத் தைலம், தனக்கு மட்டும் மாற்றுச் சட்டை, இவ்வளவுதான் இருக்கும். ஊருக்கு வெள்ளித் தாள், தனக்கு நடு ஜிப். இந்தக் கடித உறையை ஒட்டுவதற்கு முன் ஜிப்பைத் திறந்து பார்த்துச் சாட்சியோடு அனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். கூரை மறுபடி ஒழுகினால் முதலில் எனக்குச் சொல்லியனுப்பவும். என்றும் தங்கள் ஆசியை வேண்டி நிற்கும்,

மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: நடு ஜிப்பைத் திறந்தேன், மாமா. மேலயே ஒரு கண்ணாடிக் கூடு. உள்ள இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுவத்துல மாட்டியிருக்கிற காலண்டர்ல கம்பெனி விலாசம்கூடத் தெளிவாத் தெரிஞ்சுது. என் பவர். உங்க மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்குத்தானா! கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி உங்க பவர் சீட்டைக் கேட்டார், நானும் அனுப்பினேன்"ன்னா. அதுக்குக் கீழ நான் போடுற பிரஷர் மாத்திரை ஒரு அட்டை. என் கால் அளவுக்குக் கம்பளிக் காலுறை, அவர் காலுக்கு அது தொடை வரைக்கும் வரும். கடைசி நிமிஷத்துல நீங்களும் வர்றேன்னு கிளம்பிட்டா ஆகும்னு முழங்காலுக்குப் போடுற பட்டை ஒண்ணு. அவருக்குன்னு பார்த்தா அடியில ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான். கண்ணாடி பையில பத்திரமா இருக்குன்னு நான் சொன்னது பொய்யே இல்ல, அந்தப் பையை என் தோள்லயே சுமந்துக்கிட்டுத்தான் குருடன் மாதிரி நடந்து வந்திருக்கேன்.

என் பையில அவருக்குன்னு ஒண்ணுமே இல்ல, மாமா. ஒரு கைக்குட்டைகூட இல்ல. இப்பத்தான் போன் பண்ணினார், "பூட்டு நம்பர் என்ன அண்ணே, உள்ள துணி ஈரமா இருந்தா நாறிடும், காயப் போடறேன்"னு. மறந்துடுச்சுன்னு சொல்லிட்டேன், நல்லவேளை நிஜமாவே மறந்திருக்கு. இப்ப அவர் கால் அளவு என்னன்னு உங்க சின்ன மகள்கிட்ட ரகசியமா விசாரிச்சிருக்கேன். பூட்டை அறுக்கிறதுக்குள்ள காலுறையோட அங்க போய் நிக்கணும்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் பார்த்தேன். "அனுப்புங்க, எங்க அப்பா சிரிச்சு நாளாச்சு"ன்னு உங்க மூத்த மகள் பிடுங்கிக்கிட்டா. மேல எழுதின நிபந்தனை எல்லாத்தையும் அடிச்சிடுங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான். சின்ன மாப்பிள்ளை கூட இருந்தா பயமில்லை. எனக்கும் பயமில்லை. ஆனா அடுத்த தடவை போன்ல அதைச் சொல்றப்போ, "மூத்தவரும் இருக்கார்ல"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்.