சோடா பாயும் கம்பவுண்டரின் கண்ணும்

ஏப்பத்துக்கும் போட்டோவுக்கும் முடிச்சுப் போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மதுரைக்காரர். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் சோடா பாய்.

பிள்ளைகளா, இது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பாயின் சோடாக் கம்பெனி இருந்தது. கீழே கோலி சோடா தயாராகும். மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் போட்டோ அபிமானிகள் சங்கம் கூடும். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, ஆட்கள் ஏழெட்டுப் பேர்தான். ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் தலைவர். தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டர் ராசு அண்ணன் செயலாளர். நான் ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். சங்கத்தில் எனக்கு ஜமக்காளம் விரிக்கிற பதவி. கேமரா ஒன்றே ஒன்று. அது பாயுடையது. ஆகையால் தலைவர் யாராக இருந்தாலும் ராஜா என்னவோ பாய்தான்.

அந்தக் கேமராவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று கால் வைத்த மரப்பெட்டி. முகத்தில் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குப் பித்தளையில் ஒரு மூடி. உள்ளே ஃபிலிம் கிடையாது. மருந்து பூசிய கண்ணாடித் தகடுதான். பாய் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார், வெளியே வருவார், மூடியைக் கழற்றுவார், ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிவிட்டு மறுபடி மூடுவார். அவர் எண்ணி முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பவர் அசையக்கூடாது. அசைந்தால் ஒரு தலை இரண்டு தலையாகிவிடும்.

அசையாமல் மனிதனை உட்கார வைப்பது எப்படி என்று பாய் ரொம்ப காலம் யோசித்திருக்கிறார். கடைசியில் விடை அவருடைய கம்பெனியிலேயே கிடைத்தது.

"சோடா குடிச்சவன் ஏப்பம் விடுவான்ல. விட்ட பெறகு பாருங்க, ஒரு நிமிசம் மனுசன் ஆடாம அசையாம இருப்பான். கடன்காரன் வந்து நின்னாக்கூட எந்திரிக்க மாட்டான். அந்த நிமிசத்துல நாம மூடியக் கழட்டிப்புடணும்" என்பார்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் பாய் சிரிக்கவில்லை. அவரிடம் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் முதலில் ஒரு சோடா குடித்தாக வேண்டும். அவர் செலவுதான். ஏப்பம் வரும் வரை காத்திருப்பார். வராவிட்டால் இன்னொன்று உடைப்பார். எங்கள் தலைவர் டிராயிங் மாஸ்டர் நாலு பேர் முன்னால் ஏப்பம் விடுவது மரியாதை இல்லை என்று அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தில் அவர் கன்னம் இரண்டும் உப்பி, நாதஸ்வரம் வாசிக்கிறவர் மாதிரி இருப்பார். நாதஸ்வரத்தை மட்டும் காணோம்.

ஒரு தடவை மாடுகளைப் படம் எடுப்பதற்காகச் சங்கமே கிளம்பி உசிலம்பட்டிச் சந்தைக்குப் போனோம். பாய் ஒரு பெட்டி சோடாவும் எடுத்து வந்திருந்தார். நல்ல காங்கேயம் காளை ஒன்றைப் பார்த்ததும் அதன் வாயில் சோடாவை ஊற்றப் போய்விட்டார். மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் பாய், என்னா பண்றீக?"

"ஏப்பம் விட்டா ஆடாம நிக்கும்ணே."

"அது என்னைக்கு ஏப்பம் விடாம இருந்துச்சு? நாள் பூராவும் அதத்தான செஞ்சுக்கிட்டு நிக்குது. சோடாவ இங்கிட்டுத் தாங்க."

சோடாவை மாட்டுக்காரர் குடித்தார். படம் நன்றாக வந்தது. அசையாமல் நின்றது மாட்டுக்காரர்தான். காளைக்கு மூன்று வால்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சங்கத்துக்கு ஒரு பெரிய வேலை வந்து சேர்ந்தது. ராசு அண்ணனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் ஒருநாள் தன் தாயாருக்கு இருமல் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அன்றைக்கு ராசு அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் பாதி மருந்து மேஜைக்குப் போய்விட்டதாம். இரண்டு பக்கமும் சம்மதம். ஆனால் பெண்ணின் தகப்பனார் கொழும்பில் ஒரு மண்டியில் வேலை பார்த்தார். அவரிடம் யாரோ போய், மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது என்று கோள் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் தாயார் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். அவருக்கே பார்வை மங்கல் என்பதால் தகப்பனார் நம்பவில்லை. இரண்டு கண்ணும் திறந்த மாதிரி ஒரு போட்டோ மாசக் கடைசிக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் கொழும்பிலேயே ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு முடித்துவிடுவேன் என்று எழுதிவிட்டார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ராசு அண்ணனுக்குக் கண் இரண்டும் கழுகுக் கண். ஆனால் கேமராவைக் கண்டால் அவருக்குப் பயம். மூடியைக் கழற்றினால் கண்ணை மூடிக்கொள்வார். மூடியைப் போட்டால் திறந்துகொள்வார். அவருடைய இமையையும் அந்தப் பித்தளை மூடியையும் யாரோ கயிறு போட்டுக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

சங்கம் அவசரமாகக் கூடியது. 'கம்பவுண்டரின் கண்களைத் திறப்பது இந்தச் சங்கத்தின் கடமை' என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். கம்பவுண்டரே அதை வழிமொழிந்தார்.

முதல் ஞாயிறு பாய் தன் வழக்கப்படி சோடா உடைத்தார். ஏப்பம் வரவில்லை. இன்னொன்று உடைத்தார். வரவில்லை.

"நான் நாள் முச்சூடும் சோடா உப்பு கலக்குறவன் பாய். எனக்கு இதெல்லாம் பச்சத் தண்ணி மாதிரி" என்றார் ராசு அண்ணன்.

வெயில் இறங்கும் நேரத்தில், சந்துக்கே கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம் வந்தது. பாய் பாய்ந்து மூடியைக் கழற்றினார். விட்ட சுகத்தில் ராசு அண்ணன் கண்ணை மூடிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த முறை எண்ணாமல், சொல்லாமல் மூடியைக் கழற்றிப் பார்த்தார் பாய். அந்த மூடி கொஞ்சம் இறுக்கம். கழற்றும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் கேட்டதும் கண் மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொண்டு வந்தார் ராசு அண்ணன். கண் அகலமாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் தெரியாமல், கேமரா என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். 'ப்ளக்' சத்தம் வந்ததும் அந்தக் கண்ணும் மூடியது.

தகடுகள் தீர்ந்துகொண்டே வந்தன. பட்டணத்திலிருந்து புதுத் தகடு வர மாசம் தாண்டிவிடும். கடைசியில் ஒரே ஒரு தகடு மிச்சம். ராசு அண்ணன் நாற்காலியில் உட்காரும்போதே அழுதுவிடுவார் போலிருந்தார்.

"கொழும்புக்காரனுக்கே கொடுத்துறட்டும் பாய். நமக்குக் கொடுப்பின இல்ல."

பாய் கறுப்புத் துணிக்குள் போனார், வந்தார். கேமராவின் பக்கத்தில் நின்றுகொண்டு, மூடியில் கையை வைத்தபடி, திடீரென்று ஒரு கத்துக் கத்தினார்.

"ஏலே ராசு, நீ மருந்துல தண்ணி ஊத்துறவன்தானடா?"

எங்களுக்கெல்லாம் மூச்சே நின்றுவிட்டது. பாய் தெருவில் போகிற ஆட்டுக்குட்டியைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார். அவர் வாயிலிருந்து 'ஏலே' வந்து நாங்கள் கேட்டதே இல்லை. அதோடு, கம்பவுண்டரைப் பார்த்து மருந்தில் தண்ணீர் ஊற்றுகிறாய் என்பதை விடப் பெரிய வசவு வேறு கிடையாது. ராசு அண்ணன் கண் இரண்டும் சோடாக் கோலி மாதிரி வெளியே வந்துவிட்டன. அந்தக் கத்தலில் 'ப்ளக்' சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"ஊரே சொல்லுதுடா" என்றார் பாய். அது இரண்டு. "ஒன் மருந்து குடிச்ச கழுதகூடப் பொழைக்கலையாம்டா" என்றார். அது மூன்று. மூடியைப் போட்டார்.

போட்ட கையோடு ஓடிப்போய் ராசு அண்ணன் கைகளைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க தம்பி, அம்புட்டும் பொய்யி. படத்துக்காகச் சொன்னேன். எங்க வீட்டுல எல்லாரும் ஒங்க மருந்துதான் குடிக்கிறோம். அல்லா சத்தியமா நல்ல மருந்து தம்பி." திட்டு வாங்கியவர்தான் திட்டியவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

பாய் தகட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"கண்ணு தெறந்துருச்சு" என்றார். "ஆனா..."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தகடுகளை மெல்லிய மரக்கூட்டில் வைத்திருப்போம். படம் எடுத்து முடித்த கூட்டுக்குச் சிவப்பு நூல் கட்டவேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். கட்டாவிட்டால் அதே தகட்டில் இரண்டாவது தடவை படம் எடுத்துவிடுவோம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பாய்தான். முந்தின நாள், அசையவே அசையாத பொருளைப் படம் எடுக்க ஆசைப்பட்டு, தன்னுடைய சோடா பாட்டில் அலமாரியை எடுத்துவிட்டு, நூல் கட்ட மறந்தவரும் பாய்தான்.

ஆகையால் அந்தப் படத்தில் ராசு அண்ணன் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி வரிசை வரிசையாகப் பாட்டில்கள். சட்டை வழியாகக்கூட நாலு பாட்டில் தெரிந்தது.

வேறு தகடு இல்லை, வேறு நாளும் இல்லை. கண் தெரிந்தால் போதும் என்று தலைவர் சொன்னார். அனுப்பிவிட்டோம்.

பதில் வந்தது. பெண்ணின் தகப்பனாருக்குப் பரம சந்தோஷம். மாப்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருப்பதோடு, இம்புட்டுப் பெரிய மருந்துக் கடையும் சொந்தமாக இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று எழுதியிருந்தார். கடையைப் பார்ப்பதற்காகவே வருகிறாராம்.

சங்கம் மறுபடி கூடியது.

"ஒருநாளைக்கு யார் கிட்டயாவது ஒரு மருந்துக் கடைய இரவல் கேட்கலாம்" என்றார் தலைவர்.

"கல்யாணத்துக்கு அப்பறம் அந்தக் கடை எங்கடான்னு கேட்டா, எவன் கடையக் காமிப்பீக மாஸ்டர்?" என்றார் பாய். "நூலு கட்ட மறந்தது நானு. நானே வந்து சொல்றேன். தம்பி, நீங்களும் வாங்க. கண்ண நேர்லயே பாத்துக்கிரட்டும்."

"சொன்னா பொண்ணு கெடைக்காது பாய்."

"சொல்லாட்டிக் கெடைக்கும். ஆனா அந்தப் புள்ள மொகத்த ஒங்களால நிமிந்து பாக்க முடியாது. கண்ணு தெறக்கத்தானய்யா இம்புட்டுப் பாடுபட்டோம்."

தனுஷ்கோடியிலிருந்து வரும் ரயிலுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். பாயின் தலையில் ஒரு பெட்டி சோடா. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். பாய் அவர் காலடியில் பெட்டியை இறக்கி வைத்தார்.

"சலாம் அய்யா. ஒங்க மாப்பிள்ளையோட மருந்துக் கடை இதுதான்."

பெரியவருக்குப் புரியவில்லை. பாய் ஒரு சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நூல் கட்ட மறந்த கதையை ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "பாட்டிலெல்லாம் என்னுதுய்யா. கண்ணு ரெண்டும் தம்பியுது" என்றார்.

பெரியவர் ராசு அண்ணன் பக்கத்தில் வந்தார். உற்றுப் பார்ப்பதற்காக முகத்துக்கு நேரே குனிந்தார். ராசு அண்ணன் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். பாய் பின்னாலிருந்து மெதுவாக, "மருந்துல தண்ணி" என்றார். இரண்டு கண்ணும் படக்கென்று திறந்தன.

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் குடித்த சோடா முழுவதும் ஏப்பமாக வந்தது. அப்புறம் ஒரு நிமிஷம் ஆடாமல் அசையாமல் நின்றார். கேமராவைக் கொண்டுவராமல் போனோமே என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"கடை இல்லேங்கிறத ஸ்டேசனுக்கே வந்து சொல்றாக. இதுக்கு மேல நான் என்னத்த வெசாரிக்கப் போறேன்?" என்றார் பெரியவர். "மாப்ள, அந்தப் பெட்டியத் தூக்குங்க. ஊருக்குப் போற வழியில குடிப்போம்."

கல்யாணம் உசிலம்பட்டியில் நடந்தது. பாய்க்குப் பந்தியில் முதல் இலை.

ராசு அண்ணன் வீட்டுக் கூடத்தில் அந்தப் பாட்டில் படம் இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. அதில் தப்பு இருக்கிறது, நல்லதாக வேறு எடுத்துத் தருகிறேன் என்று பாய் எத்தனையோ முறை கேட்டும் அவர்கள் கழற்றவில்லை. எங்கள் எல்லாருக்கும் பாய் எடுத்த படம் இருக்கிறது. பாயைத்தான் யாரும் எடுத்து வைக்கவில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகள் கேட்டபோது நான் ராசு அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போய் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். இவர் இவ்வளவு அகலமாகக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அது எங்கள் பாயைத்தான் என்று சொன்னேன்.