கல்யாணப் பத்திரிகையில் மேலே யார்?

தாபோடி, புனே
12.10.2002

பெருமதிப்பிற்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு, ஸ்வாமிநாதன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான், பட்டு, வைஷு மூவரும் சௌக்கியம். அங்கே தங்கள் ரத்த அழுத்தமும் லீலா அக்காவின் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். வைஷுவின் கல்யாணப் பத்திரிகையை இதனுடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் அதை எடுத்துப் பாருங்கள். பார்த்தாயிற்றா? அகலவாக்கில் இருக்கிறதல்லவா? அது அச்சகக்காரர் யோசனை இல்லை. "ரிட்டயரானவனுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குடா, சீட்டாடவா?" என்று போன தீபாவளிக்குப் போனில் கேட்டீர்களே, அந்த ரிட்டயரானவனின் கைவேலை.

நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை நினாத் மராட்டிப் பையன் என்பது தங்களுக்குத் தெரியும். அவன் அப்பா ஜோக்லேக்கர் எங்கள் பக்கத்துத் தெருதான், தங்கமான மனிதர். ஒரே பத்திரிகை, பாதி தமிழ், பாதி மராட்டி என்று இரண்டு வீட்டாரும் பேடா சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தோம். பெண் வீட்டார்தானே அழைக்கிறோம் என்று நான் தமிழை மேலேயும் மராட்டியைக் கீழேயும் கம்ப்யூட்டரில் வேர்டில் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். ஜோக்லேக்கர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்வாமிநாதன்ஜி, எங்க குலதெய்வம் உங்க வீட்டு அட்ரஸுக்குக் கீழேயா உட்காரணும்?" என்று ஹிந்தியில் கேட்டார். நியாயம்தானே என்று வீட்டுக்கு வந்து தலைகீழாக மாற்றினேன். பட்டு பார்த்தாள். "ஏன்னா, உங்க அத்திம்பேர் பேரு அவா சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே வந்தா, அவர் மண்டபத்துக்குள்ளே கால் வைப்பாரா?" என்றாள். வைப்பீர்களா? தாங்களே சொல்லுங்கள். அதுவும் நியாயம்தானே!

அதற்கப்புறம் நான் அங்கே போவதும் இங்கே வருவதுமாக அல்லாடினேன். தமிழ் மேலே என்றால் அவர் முகம் தொங்கும், மராட்டி மேலே என்றால் பட்டு சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உடைப்பாள். கடைசியில் ஜோக்லேக்கர் பால் பூத்தில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். விஷயம் வைஷு காதுக்குப் போயிற்று. "அப்பா, நானும் நினாதும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுக்கறோம். அங்கே மேலே கீழே எல்லாம் கிடையாது. உங்க பத்திரிகையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஒரே பெண், அத்திம்பேர். அவள் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுக்கும் அந்த நிமிஷத்துக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்!

அப்போதுதான் ஆபீஸ் ஞாபகம் வந்தது. ராணுவ இன்ஜினீயரிங் காலேஜ் ஆபீஸில் அகலமான ஸ்டேட்மென்ட் அடிக்க வேண்டுமென்றால் நாங்கள் என்ன செய்வோம்? பெரிய டைப்ரைட்டரில் காகிதத்தைக் குறுக்குவாட்டில் சொருகுவோம். மேலே கீழே என்பதால்தானே சண்டை, பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தீர்ந்ததே என்று துள்ளிக் குதித்து, பிரிண்டரில் காகிதத்தைக் குறுக்கே வைத்தேன். நுழைய மாட்டேன் என்றது. நான் விடுவேனா? முப்பது வருஷ சர்வீஸ்! இரண்டு ஓரத்தையும் மடித்து உள்ளே தள்ளினேன். பிரிண்டர் ஒரு தரம் உறுமியது, காகிதத்தை விழுங்கியது, அப்பளம் மாதிரி நொறுக்கித் துப்பியது. "கரண்டைப் பிடுங்குங்கோ!" என்று பட்டு அலறினாள். அடுத்த காகிதத்தைக் கத்தரித்து வைத்தேன். அது சமர்த்தாக உள்ளே போயிற்று. ஆனால் எழுத்து பழையபடி நெட்டுக்குத்தாகவே வந்தது, பத்திரிகைத் தலைப்பில் போட்டிருந்த பிள்ளையார் பாதி காகிதத்தில், மீதி ரோலரில். இன்றுவரை எதை அச்சடித்தாலும் ஓரத்தில் ஒரு தும்பிக்கை வருகிறது.

கோபத்தில் வேர்டில் இருக்கும் மெனு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஃபைல் மெனுவுக்குள் பேஜ் செட்டப், அதற்குள் பேப்பர் சைஸ். அங்கே பொடிப்பொடியாக இரண்டு காகிதப் படம். ஒன்று நிற்கிறது, ஒன்று படுத்திருக்கிறது. படுத்திருப்பதற்கு லேண்ட்ஸ்கேப் என்று பேர். தொட்டேன், ஓகே கொடுத்தேன். அத்திம்பேர், என்ன சொல்வேன்! திரையில் பக்கம் முழுசாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது! காகிதத்தை நான் திருப்பவே வேண்டாமாம், கம்ப்யூட்டரே எழுத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் மராட்டி, வலது பக்கம் தமிழ். சத்தியமாக எழுந்து நின்று கை தட்டினேன். பட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விபூதியோடு ஓடிவந்தாள்.

சாயந்திரமே ஜோக்லேக்கரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டினேன். இடது பக்கம்தான் முதலில் படிப்பார்கள் என்று அவருக்கு ஏகத் திருப்தி. வலது பக்கம்தான் மங்களம் என்று பட்டுவுக்கு அதைவிடத் திருப்தி. ஒருவர் திருப்தியை இன்னொருவருக்கு நான் சொல்லவில்லை. "வாஹ், கமால் கர் தியா!", அதாவது அசத்திவிட்டீர்கள் என்று ஜோக்லேக்கர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பட்டு கேட்காமலேயே அவருக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தாள். வைஷு என் தோளில் சாய்ந்து, "நீ ஜீனியஸ்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

ஆகவே தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். இரண்டு குடும்பமும் ஒரு குடும்பமாகிவிட்டது. ஒத்தாசைக்கு என்று முன்கூட்டி வந்து சிரமப்பட வேண்டாம். முகூர்த்தத்துக்கு அக்காவோடு வந்து குழந்தைகள் தலையில் அட்சதை போட்டால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் நமஸ்காரம், அங்கே சின்னவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
ஸ்வாமிநாதன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஜோக்லேக்கர் போன் செய்தார். மண்டபத்து வாசலில் மணமக்கள் பெயர்ப்பலகை வைக்க வேண்டுமாம். வாசல் குறுகலாம், பலகையை உயரவாக்கில்தான் நிறுத்த முடியுமாம். "நினாத் பேர் மேலேதானே?" என்று கேட்டார். பட்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள், இன்னும் கீழே வைக்கவில்லை. பலகைக்கு ஃபைல் மெனு கிடையாது. வைஷு ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். அத்திம்பேர், முகூர்த்தம் வரை காத்திருக்க வேண்டாம், கிடைத்த ரயிலில் ஏறி உடனே வாருங்கள்.