பாய்லர் அண்ணனின் பத்து நாள் தனிமை

மலேசியாவின் குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் தனியாக இருக்கத் தெரிந்த மனிதர் இதுவரை ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் பாய்லர் அண்ணன். மற்றவர்கள் பல்வலிக்குக்கூட ஐந்து பேராகத்தான் கிளினிக் போகிறோம்.

செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் பாய்லரைப் பார்த்துக்கொண்டதால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்றதும் கோழி வளர்ப்பார், கோயில் கமிட்டியில் சண்டை போடுவார் என்று எங்கள் குடியிருப்பான தாமானில் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவரோ கிள்ளானில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, ஆற்றுப் படகுத்துறையான ஜெட்டியில் கொண்டுவந்து கட்டினார். நாலு வருடம் கடலில் ஓட்டிப் பழகினார். பிறகு ஒரு நாள் நாற்பது பக்க ஆங்கிலக் கத்தையோடு என் வீட்டு வாசலில் நின்றார். எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் தாமானின் படிவங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

"தம்பி, பாய்மரப் படகுல தனி ஆளா உலகத்தச் சுத்தி வர்ற ரேஸு. பேரு குடுக்கப் போறேன். என்னா எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லு."

படித்தேன். தகுதி பெற, பத்து நாள் கரை தொடாமல் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். இன்ஜினை இயக்க முடியாதபடி முத்திரை வைத்துவிட வேண்டும். வெளியாள் யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது, ஒரு வாய்ச் சோறுகூட. எல்லாவற்றுக்கும் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும்.

"அவ்ளோதானா? சுலபம் லா!" என்றார்.

தூக்கம் சுலபமாகத்தான் வந்தது. கடலில் தனி ஆள் இருபது நிமிடத்துக்கு மேல் தூங்கினால் பெரிய கப்பல் மேலே ஏறிவிடும். அதனால் அண்ணன் ஊருக்குள்ளேயே பழகினார். கல்யாண மண்டபத்தில் கோயில் கமிட்டித் தலைவர் பேச எழுந்ததும் கண்ணை மூடுவார். சரியாக இருபதாவது நிமிடம் விழித்து, பாய்லர் மீட்டரைப் பார்ப்பதுபோல் நாலு பக்கமும் பார்த்து, "பிரஷர் ஓகே!" என்பார். உடனே மறுபடி தூங்கிவிடுவார். தலைவர் பேச்சு மூன்று பிரஷர் நீளம் என்று ஊரே சொல்லத் தொடங்கியது.

தனிமைதான் வரவில்லை. ஜெட்டியில் கட்டிய படகிலேயே மூன்று நாள் எதுவும் வாங்காமல் இருந்து பார்க்கலாம் என்றார். முதல் ஒத்திகை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவிலிருந்து வந்த ஒருவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். மறுக்க முடியுமா? இரண்டாவது ஒத்திகையைக் கோயில் பொங்கல் கெடுத்தது. மூன்றாவது இரண்டு நாள் தாங்கியது. பிறகு அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா வந்து, வாளியில் நெத்திலி சம்பலை வைத்துக் கயிற்றில் இறக்கினார்.

"ஏய், வெளியாளு உதவி கூடாதுடி!"

"அப்ப நான் வெளியாளா? இத்தினி வருசம் சோறு போட்டவ வெளியாளா? சொல்லுங்க!"

அதற்குள் அண்ணன் வாளியில் கைவிட்டுவிட்டார். வாய் நிறைய சம்பல்.

பதிவு அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அடுத்த போட்டி நாலு வருடம் கழித்து. அண்ணனுக்கு அப்போதே அறுபத்திரண்டு. இதை விட்டால் அவ்வளவுதான் என்று ஒத்திகையை நிறுத்திவிட்டு நேரே கடலுக்குக் கிளம்பினார். சாட்சி நான்தான். இன்ஜினுக்குக் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தேன். முப்பது வருடம் நெருப்பு மூட்டியவர் அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லங்காவி பக்கம் போய்த் திரும்ப வேண்டும். ஒன்பது நாள் அமோகமாகப் போனது. படகு இருக்கும் இடத்தைக் காட்டிக் கைப்பேசியில் நகரும் பச்சைப் புள்ளியைத் தாமானே பார்த்துக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் காலை சுங்கை பெசாருக்கு நேரே புள்ளி நின்றுவிட்டது. காற்று செத்துவிட்டது.

சுங்கை பெசாரில்தான் அஞ்சலை அக்காவின் தம்பி மீன் வியாபாரம் செய்கிறார். சும்மா இருப்பாரா? மீன்பிடிப் படகில் போய், நடந்ததை எல்லாம் எங்கள் தாமானின் வாட்ஸ்அப் புலனக் குழுவுக்குக் காணொளியாக அனுப்பினார்.

"மாமா! கயிறு போடறேன், புடிங்க. ஒரே இழுப்பு, வீட்டுக்குப் போயிரலாம்!"

"டேய், கயித்தத் தொட்டா ஒம்பது நாளும் போச்சுடா! தள்ளிப் போ!"

"அப்ப இந்த மீன் கறியாச்சும் வாங்கிக்குங்க."

கடல் அமைதியாக இருந்தது. அண்ணன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"என்னா மீனு?"

"வவ்வா மீனு, மாமா."

"மொதல்ல மூடிய மூடு லா! வாசம் அடிக்குது. ஓடிப் போயிரு!"

காணொளியை அஞ்சலை அக்கா மூன்று முறை பார்த்தார். பிறகு குழுவில் குரல் பதிவு போட்டார்: "நாளைக்கு எல்லாரும் ஜெட்டிக்கு வாங்க. ஆனா எவனாச்சும் எதையாச்சும் நீட்டினா கைய ஒடிச்சிருவேன். அவரு கரை ஏறுற வரைக்கும் நானும் வெளியாளுதான்."

மாலையில் காற்று எழுந்தது. மறுநாள் மதியம், ஏற்றத் தண்ணீரோடு வெள்ளைப் பாய் ஆற்றுக்குள் நுழைந்தது. ஜெட்டியில் நூறு பேர், அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். கடலிலிருந்து வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல் எங்கள் ஆட்கள் நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஒருவர் பழக்கத்தில் படகுக் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தார். அக்கா பார்த்த பார்வையில், செருப்பைச் சரிசெய்வதுபோல் நடித்தார்.

அண்ணன் தானே பாயை இறக்கினார், தானே ஜெட்டிக்குத் தாவினார், தானே கயிற்றைக் கட்டினார். உள்ளே போய்ப் பார்த்தேன். முத்திரை வைத்தபடியே இருந்தது. 'வெளி உதவி பெற்றாரா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் நிரப்பிய படிவங்களிலேயே கோணாமல் விழுந்த கையெழுத்து அதுதான். போட்டிப் பட்டியலில் இன்று அண்ணன் பெயர் இருக்கிறது.

"முடிஞ்சது லா!" என்று கத்தினேன்.

பின்னால் கட்டியிருந்த கைகள் எல்லாம் முன்னால் வந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்.

அண்ணன் அக்காவின் நெத்திலி சம்பலைத்தான் முதலில் பிரித்தார். தின்றுவிட்டு, ஜெட்டிப் பலகையிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சரியாக இருபதாவது நிமிடம் கண்ணைத் திறந்து, மீட்டரைத் தேடுவதுபோல் நாலு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்கள்தான் இருந்தோம்.

"பிரஷர் ஓகே," என்று மெல்லச் சொன்னார். அப்புறம் சாயங்காலம் வரை விழிக்கவே இல்லை.