கார் பார்க்கப் போன சம்பந்தியம்மா

கல்யாணமே செய்துகொள்ளாமல் சம்பந்தி ஆனவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதியின் மாடியறையில், எனக்கு அடுத்த கட்டிலில் அவர் குடியிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் கற்பித்தார். பெற்றோர் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே பயன்பட்டது. விடுதிச் சமையல்காரம்மாள் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் அவர் சம்பந்தியம்மாதான்.

அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கித் தந்தவை மூன்று பழைய கார்கள்.

ஒரு கோடை விடுமுறையின் தொடக்கத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, குப்பத்தை ஒட்டிய ஒரு பள்ளி. திருக்கழுக்குன்றம் வழியாக அங்கே போகும் பேருந்து நல்ல பேருந்துதான். ஆனால் அது ஊரை எட்டும்போது காலைப் பிரார்த்தனை முடிந்து, முதல் பாடமும் முடிந்து, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். அங்கேயே வீடெடுத்துத் தங்கலாம் என்றால், படாளத்தில் அரிசி மில் வைத்திருந்த அவருடைய அண்ணன் விடுதி வாசலில் வந்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தனியா வூடு எடுத்துக்கினு குந்தப்போறியா? நம்ம ஜனம் இன்னா பேசும்? வேலய வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடு. பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு மில்லு வண்டியோட வர்றேன். பெட்டிய கட்டி வை."

ஆக, பள்ளி திறப்பதற்குள் கார், இல்லையென்றால் படாளம். கிளை நூலகத்தில் வேலை பார்த்துவந்த எனக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. படாளம் வென்றால் அடுத்த கட்டில் காலியாகிவிடும்.

மில் ஜீப்பில் அப்பாவிடம் ஓட்டக் கற்றவர் அவர். கல்யாணத்துக்கென்று பெட்டியில் உறங்கிய வளையல்களை விற்றுவிட்டு, வாங்கினால் ஹெரால்டுதான் வாங்குவேன் என்றார். ஹெரால்டு அன்று இளைஞர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்த கார். தாழ்வான உடம்பு, துடுக்கான ஓட்டம். எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் திறந்துகொள்ளும். குடும்பங்களுக்கு ஏற்ற பெரிய காரை வாங்கும்படி வார்டனம்மாள் அறிவுரை சொன்னார்.

"அது எருமைம்மா. நல்ல எருமைதான். ஆனா நான் ஏரியில எறங்கப் போகல, எட்டரைக்குக் கெளம்பி மணியடிக்கறதுக்குள்ள போகப் போறேன்" என்றார் இவர்.

அதுவரையில் ஒரு பழைய கார் வாங்கும் கதைதான். எந்த மாடல் என்ற கேள்வி எழுந்த பிறகே அது வேறு கதையாயிற்று.

அவரைப் பெண் பார்க்க வந்த கூட்டங்கள் எத்தனை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பஜ்ஜிக்கு மாவு கரைச்சே எங்கம்மாவுக்கு மணிக்கட்டு தேஞ்சுபோச்சு" என்று மட்டும் சொல்வார். வந்தவர்கள் எல்லாரும் புறப்படும்போது சொன்ன வாக்கியம் ஒன்றே: "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்." அந்த லெட்டர்களைப் பார்த்தவர் யாரும் இலர்.

"இத்தன வருஷம் அந்தப் பக்கம் உக்காந்தாச்சு. ஒரு தடவை இந்தப் பக்கமும் உக்காந்து பாக்கறேனே" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டோடு அவர் கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேராகப் போகக் கூடாது, தனியாகவும் போகக் கூடாது என்பதால் என்னை அழைத்துக்கொண்டார். நான் மாப்பிள்ளையின் அத்தையாம்.

முதல் பெண் எழுபதாம் மாடல். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் ஒருவரின் வீட்டில் இருந்தது. ராகு காலம் கழிந்து போய் அமர்ந்தோம். தட்டைப் பார்த்த பாய் திகைத்துப்போனார்.

"பொண்ணு எங்க பாய்?"

"பொண்ணா? வண்டி பாக்க வர்றதாத்தானம்மா சொன்னாங்க?"

"அதத்தான் கேக்கறேன். வரச் சொல்லுங்க."

பாய் கெட்டிக்காரர். ஒரே நொடியில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். காரைத் திண்டாடித் திண்டாடி முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, தானும் கைகட்டி நின்றார். செக்கச் சிவந்த புதுப் பெயிண்ட். இருக்கைகளுக்குப் பூப்போட்ட உறை.

"வயசு?"

"எழுபது மாடலும்மா."

"எழுபதுல பொறந்ததா, எழுபதுல பள்ளிக்கூடத்துல சேத்ததா?"

பாய் தலையைச் சொறிந்தார். இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, பிறந்த நாள் தெரியாவிட்டால் வாத்தியாரே ஒரு நாளைப் போட்டுக்கொள்வார். சம்பந்தியம்மாவின் வகுப்பில் பாதிப்பேர் ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள். கார் விஷயத்திலும் உலகம் அப்படித்தான் இயங்குகிறது என்பது அவருடைய திடமான கொள்கை. செய்த வருடம் ஒன்று, பதிந்த வருடம் ஒன்று, விற்கும்போது சொல்லும் வருடம் இன்னொன்று.

"அறுபத்தொன்பது கடைசில பொறந்துதும்மா" என்று பாய் ஒப்புக்கொண்டார். "ஒரு ரெண்டு மாசம் முன்னபின்ன இருக்கும். அதுக்கு ஏம்மா பேஜாரு பண்றீங்க?"

"சரி, கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

கார் முற்றத்தில் முன்னும் பின்னும் போய்வந்தது.

"பாடச் சொல்லுங்க."

பாய் ஹார்னை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடியும் அழுத்தினார். காற்றுகூட வரவில்லை.

"கூச்சம் ஜாஸ்திம்மா" என்றார் பாய், முகம் மாறாமல். "புது ஆளுங்க எதிர்ல வாயத் தொறக்காது."

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "வாயத் தொறக்காத பொண்ணு இந்தக் காலத்துல எங்க கெடைக்குதாம்? முடிச்சுக்கச் சொல்லுங்க!"

சமோசாவும் தேநீரும் வந்தன. சம்பந்தியம்மா இரண்டையும் நிதானமாக முடித்தார். எழுந்து, காரின் கன்னத்தில் விரலால் தட்டினார். தகரம் 'டங்' என்று பேசவேண்டிய இடத்தில், பள்ளங்களை அடைத்துப் பூசியிருந்த மாவு 'தொப்' என்று பேசியது.

"பவுடர் கொஞ்சம் ஜாஸ்தி" என்று என் காதில் சொல்லிவிட்டு, பாயிடம் கைகூப்பினார். "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்."

"ஊருக்கா? பக்கத்துத் தெருவுல இருந்துதானம்மா வர்றீங்க!"

மறுநாளே கடைத்தெரு முழுவதும் அவருக்குச் சம்பந்தியம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, திருக்கழுக்குன்றத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்த அறுபத்தேழாம் மாடல். இதற்குப் பாடத் தெரிந்தது. நிறமும் அடக்கம். ஆனால் ஓட்டிப் பார்க்கும்போது, மலைக்கோயில் கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. பக்தி அதிகம் என்றார் டாக்டர். "பக்தி இருக்கலாம் டாக்டர். ஆனா தெனம் நாலு கோயில் வழியில இருக்கே" என்று சொல்லி, அங்கேயும் லெட்டர் போடுவதாக வாக்களித்துவிட்டு வந்தார்.

விடுதி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. எழுபதுக்கு நான்கு கதவு உண்டு, அறுபத்தேழுக்கு இரண்டே கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகும் கனவில் இருந்த டைப்பிஸ்டுகள் ஒட்டுமொத்தமாக எழுபதின் பக்கம். தலைவலி மாத்திரைக்காக டாக்டரின் தயவை நாடியிருந்த வார்டனம்மாள் அறுபத்தேழின் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் ரசம் ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் நடந்தது. சம்பந்தியம்மாவோ, "ஒண்ணுக்கு நெறம் இருக்கு, கொணம் இல்ல. இன்னொண்ணுக்குக் கொணம் இருக்கு, தெம்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே நாட்களைக் கடத்தினார். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில் படாளத்து அண்ணன் மறுபடி வந்தார். நிலவரத்தைக் கேட்டு, வாசற்படியிலேயே நின்று சிரித்தார்.

"இன்னாம்மா, இன்னுமா பாத்துக்கினு கீறே? ஒன்னிய பாக்க வந்தவனுங்ககூட இவ்ளோ நாளு யோசிக்கல. காப்பி ஆறறதுக்குள்ள எழுந்து பூட்டானுங்க."

அவர் கெட்ட மனிதர் அல்லர். நகைச்சுவை என்று எண்ணித்தான் சொன்னார். தங்கையும் கூடவே சிரித்தார். ஆனால் அன்று மாலை அவர் தம் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டுவதை நான் பார்த்தேன். கையிலிருந்த புத்தகத்தில் ஒரே பத்தியை நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், மூன்றாவது பெண்ணைப் பார்க்கப் பேருந்தில் போனோம். புதுப் பள்ளிக்கு அருகிலேயே, குப்பத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஓர் அம்மாளின் வீடு. கடற்கரைப் பங்களாக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அவளிடம் விற்றுவிட்டுப் போன கார். கூரைமேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. பானெட்டின்மேல் ஒரு பூனை.

"வாம்மா, நீயும் வந்து பாத்துட்டுப் போ" என்றாள் அந்த அம்மாள், கூடையைக் கழுவியபடி. "வர்றவன்லாம் குந்திக்கினு டீ குடிச்சிட்டு, லெட்டர் போடறேன்னு பூடறான். இந்தக் குப்பத்துக்குத் தபால்காரனே வர்றதில்ல."

சம்பந்தியம்மா தட்டைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

"வயசு?"

"அறுவத்தி நாலு. கெழடுதான். அடியில துரு கீது. ரெண்டாங்கியரு பிடிவாதம் புடிக்கும். காலைல தள்ளணும். ஆனா நடுரோட்டுல நிக்கவெச்சு என்னிய அழவெச்சதில்ல. வேற இன்னா தெரியணும் ஒனக்கு?"

இப்படி ஒரு பெண் வீட்டை நாங்கள் கண்டதேயில்லை. சம்பந்தியம்மா சற்றுத் தடுமாறி, பழக்கத்தில் அடுத்த கேள்விக்குப் போனார்.

"கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

மீன்காரம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்கு நடக்கணும்? ஒன்னிய நாலு பேரு எதிர்ல நடந்து காட்டுன்னா, நடப்பியா நீ?"

நான் தட்டில் இருந்த பூவைப் பார்த்தேன்.

"நடந்திருக்கேன்" என்றார் சம்பந்தியம்மா. "நெறைய."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, கோபம் போன குரலில் சொன்னாள்: "அப்ப இதையாச்சும் வுடு."

சம்பந்தியம்மா காரைச் சுற்றிவரவில்லை. கன்னத்தில் தட்டவில்லை. பூனையை மட்டும் மெல்லத் தூக்கி இறக்கிவிட்டு, அந்த இடத்தில் தட்டை வைத்தார்.

"புடிச்சிருக்கு" என்றார்.

சம்பிரதாயம் தெரிந்தவள் மீன்காரம்மாள். தட்டை வெறுமனே திருப்பித் தரலாகாது என்று, வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு, தட்டு நிறைய வஞ்சிரக் கருவாட்டை அடுக்கிக் கொடுத்தாள். தட்டு மாற்றியாயிற்று. மாப்பிள்ளையின் அத்தையும், பிறந்ததிலிருந்து மீன் பக்கமே போகாதவளுமான நான், அதை மடியில் ஏந்திக்கொண்டு, இரண்டாம் கியரின் பிடிவாதத்தோடு செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். வழியில் திருக்கழுக்குன்றத்துப் பூனைகள் எங்களுக்கு ஊர்வல மரியாதை செய்தன.

மறுநாள் காலை, சொன்ன சொல் தவறாமல், அண்ணன் மில் வண்டியோடு வந்தார். வாசலில் நின்ற காரைச் சுற்றிவந்து மோந்து பார்த்தார்.

"இன்னா இது? அறுவத்தி நாலா? கெழவியாச்சே!"

"எம் முன்னாடி பொண்ணு வயசப் பத்திப் பேசாத அண்ணா" என்றார் தங்கை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "பின்னாடி போயி நில்லு."

"இன்னாத்துக்கு?"

"காலைல தள்ளணும்."

தங்கையை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அண்ணன், சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வுடு க்ளட்ச்ச! இப்ப வுடும்மே!" என்று கத்திக்கொண்டே தெருக்கோடி வரை தள்ளினார். டைப்பிஸ்டுகள் மாடியிலிருந்து கைதட்டினார்கள். கார் இருமி, உதறி, ஒரு புகைமண்டலத்தை அண்ணன் முகத்தில் விட்டுவிட்டுப் பாய்ந்தது. அவர் இடுப்பில் கைவைத்து நின்று, அது மறையும் வரை பார்த்தார். "நல்லாத்தான் ஓட்டுது களுத" என்று யாரிடமோ சொன்னார். பெட்டி இல்லாமலே மில் வண்டி படாளம் திரும்பியது.

அன்று நூலகத்தில் நான் நான்கு பேருக்குத் தவறான புத்தகங்களைக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம், உடைந்த உரலில் கல்லைப் போட்டு உருட்டுவது போன்ற ஓர் ஓசை தெருவின் அந்த முனையில் கேட்டது. அமைதி காக்கவும் என்று நானே எழுதி மாட்டிய பலகையின் கீழிருந்து எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல், வாசலுக்கு ஓடினேன்.