போளூரைப் பதினேழு முறை சாகடித்தவர்

போளூரை ஒரே காலையில் பதினேழு முறை சாகடித்து, பதினேழு முறையும் உயிரோடு எழுப்பியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரை நாங்கள் எமன் சார் என்போம்.

எண்பதுகளில் நான் ஆரணி டெலிபோன் ஆபீசில் டிரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அங்கே மெக்கானிக். பட்டுக்கடை மாடியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு திறந்தார்கள். டி.வி. பெட்டியோடு இணைத்த ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் பிள்ளைகள் வருமுன் கெஞ்சிக் கூத்தாடி அதில் உட்கார்ந்து, அவர் ஒரு புரோகிராம் எழுதினார். ஆரணி, போளூர், களம்பூர், பெரணமல்லூர் நான்கும் திரையில் நான்கு புள்ளிகள். நடுவே டெலிபோன் லைன்கள். நிஜத்தில் ஒரு கம்பியையும் தொடாமல், எந்த லைன் அறுந்தால் எந்த ஊர் தவிக்கும் என்று பார்க்கலாம். ஆனால் மனிதர் அதை வாய்மூடிப் பார்க்க மாட்டார்.

"களம்பூர் பூடுச்சி! மொத்தமா காலி!" என்று ஒருநாள் அவர் அலறியதில், கீழே மகளுக்குக் கல்யாணப் புடவை பார்த்துக்கொண்டிருந்த களம்பூர் அரிசி மில்காரர் புடவையும் கையுமாக பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார்.

இத்தனை கொலைக்குப் பிறகு அவர் ஒன்று கண்டுபிடித்தார். மழையில் மற்ற லைன்கள் அறுந்து, நான்கு ஊரும் ஒரே கம்பியில் வேலூரைக் கூப்பிட நேர்ந்தால், காரியத்தைக் கெடுப்பது எங்கள் சுறுசுறுப்புதான். இருவர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் இரண்டு காலும் கெடும். கெட்டதும் இருவரும் உடனே மறுபடி கூப்பிடுவோம். மறுபடி கெடும். அதற்கு அவர் சொன்ன மருந்து தாயம். கால் கெட்டால் தாயம் உருட்டி, எத்தனை விழுகிறதோ அத்தனை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். ஆளுக்கொரு எண் விழும், மோதல் குறையும். சொன்னதோடு விடாமல் நான்கு ஆபீசுக்கும் தலா ஒரு ஜோடி தாயக்கட்டை வாங்கிக் கொடுத்தார். சிரிக்காத ஆள் இல்லை.

அந்த ஐப்பசி மழையில் ஒரே கம்பிதான் மிஞ்சியது. காலை பத்து மணிக்கு ஒரு நெசவாளி தொப்பலாக நனைந்து ஓடிவந்தார்.

"பொண்டாட்டிக்குக் கொழந்த பொறந்து ரத்தம் நிக்கலைங்க. வேலூர்லருந்து ரத்தம் வரணுமாம். பதினோரு மணி பஸ்ல ஏத்தச் சொல்லணுங்க. ஜல்தி போடுங்க சார்!"

போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். கொர்ரென்ற சத்தம்தான். அதே கம்பியில் குறுக்கே குரல் கேட்ட போளூர் ஆபரேட்டரிடம் கொஞ்சம் லைனை விடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நாங்க மட்டும் பொழுது போவாமலா கூப்ட்டுகினு இருக்கோம்? இங்க ஏரி ஒடையப் போவுதுய்யா!"

எமன் சார் என்னிடமிருந்து போனை வாங்கினார். "எல்லா ஊரும் தாயக்கட்டைய எடுங்கப்பா."

சூப்பர்வைசர் அம்மா பாய்ந்து வந்தார். "கவர்மென்ட் ஆபீஸ்ல தாயமா?"

"நீங்களே உருட்டுங்க மேடம்" என்று கட்டைகளை அவர் கையிலேயே திணித்துவிட்டார். அம்மாவுக்கு இரண்டு விழுந்தது. போனில் போளூர் ஓலமிட்டது: "பன்னெண்டுய்யா! வூட்ல ஆடறப்ப ஒரு நாளும் வுழல!"

அந்த நெசவாளியின் முகத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை. பிறகு போட்டேன். மோதல். அம்மா மறுபடி உருட்டினார், மூன்று. மறுபடி காத்திருந்து போட்டேன். "வேலூர்" என்றது ஒரு குரல், அவ்வளவு தெளிவாக.

ரத்தம் அந்த பஸ்ஸிலேயே வந்தது. அந்தப் பெண் பிழைத்தாள். போளூர் ஏரிச் செய்தியும் போய்ச் சேர்ந்தது. எனக்கு எமன் சாரை நிமிர்ந்து பார்க்கவே பயபக்தியாக இருந்தது.

மறுநாள் காலை பாராட்டலாம் என்று பட்டுக்கடை மாடிக்குப் போனால், மனிதர் கம்ப்யூட்டர் முன் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அதே மழை நாளை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தாயம் விழவிட்டு, திரையில் பத்து முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஏழு தடவதாம்பா நேரத்துக்கு கால் கெடைக்குது. மூணு தடவ பஸ்ஸு பூடுது. மூணு தடவ அந்தப் பொண்ணு..." முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் பொழச்சிட்டாங்களே சார்!"

"அது நேத்து. இந்த மூணு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எங்குமே இல்லாத அந்த மூன்று பெண்களுக்காக அவர் புரோகிராமைத் திருத்தத் தொடங்கினார். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவரைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.