எலியண்ணையின் மாமாக்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலியண்ணையளவு மாமாக்களைச் சாகக் கொடுத்தவர் எவருமில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று வருடத்தில் மட்டும் பன்னிரண்டு பேர்.

எங்கள் ஆய்வுகூடத்து எலிகளைப் பராமரித்தவர் அவர். எலிகளுக்கு இலக்கம் போடச் சொன்னால் ஊர்ப்பெயர் எழுதுவார். உடுவில் சாப்பிடவில்லை, சண்டிலிப்பாய் கொடிகாமத்தைக் கடித்துவிட்டது என்று காலையில் வந்து முறையிடுவார். ஒவ்வொரு ஆய்வின் முடிவிலும் எலிகளைக் கொன்று ஈரலைப் பார்க்கவேண்டும். அந்த நாளில் தவறாமல் அவருடைய மாமா ஒருவர் இறந்துபோவார்.

“இன்னும் எத்தினை மாமா மிச்சம்?” என்று லீவுக் கடிதத்தைப் பிடித்தபடி கிளாக்கர் ஒருநாள் கேட்டார்.

“எலி இருக்குமட்டும் இருப்பினம், ஐயா.”

என் ஆய்வு ஒரு தூக்க மருந்து பற்றியது. எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் அது உடம்பை விட்டுப் போகும் என்று பார்ப்பது. சின்ன அளவு கொடுத்த உடுவில் தேத்தண்ணி நேரத்துக்குள் எழும்பிவிட்டது. கொடிகாமத்துக்கு நான்கு மடங்கு கொடுத்தேன். நான்கு மடங்கு நேரம் தூங்கும் என்று கொப்பியில் முன்கூட்டியே எழுதியும் வைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். என் கணக்கும் பிழையாகலாம் என்று எனக்குச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

எழுதிய நேரம் கடந்து பின்னேரமாகிவிட்டது. கொடிகாமம் எழும்பவில்லை. உடம்பு குளிர்ந்துகொண்டு வந்தது. எலியண்ணை அதைத் தன் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு மர வாங்கில் குந்தியிருந்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

“ஈரல் ஒரு ஆள்தானே, தம்பி. அளவாக் குடுத்தா அப்பப்ப அள்ளி எறியும். லொறியோடை கொண்டுபோய்க் கொட்டினா, தன்ரை வேகத்திலை ஒவ்வொரு மூட்டையாத்தான் தூக்கும். நீங்கள் அவசரப்படுத்தேலாது.”

புத்தகத்தில் அதுவே நான்கு பக்கம் இருந்தது. முன்னமே படித்திருந்தேன். விளங்கியது அன்றைக்குத்தான்.

பொழுதுபடுகிற நேரம் சேட்டு அசைந்தது. கொடிகாமம் அவர் நெஞ்சைப் பிறாண்டியது. “வந்திட்டார்” என்றார் எலியண்ணை, பெரிய மனுசரைச் சொல்வதுபோல.

அடுத்த கிழமை ஆய்வு முடிந்தது. பன்னிரண்டாவது மாமா செத்தார். கொடிகாமத்தைக் கொன்றது நான்தான். அத்தனை மூட்டையும் தூக்கிய ஈரல் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

இந்தத் தை மாதம் எலியண்ணையே போய்விட்டார். நீரிழிவு; அவர் சொல்லில் சீனி வருத்தம். எனக்கு இப்போது அதே கூடத்தில்தான் வேலை. லீவுக் கடிதத்தில் காரணம் எழுதும் இடத்தில் ‘மாமா காலமானார்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

கிளாக்கர் அதை வாசித்து முத்திரை குத்தினார். எத்தனையாவது என்று கேட்கவில்லை.