பாறையில் முளைத்த சாமையும் மாப்பிள்ளையின் ராக்கெட்டும்

கண்ணமங்கலம்,
கார்த்திகை, 1984

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ராஜேந்திரன் அவர்களுக்கு, சாமை வியாபாரி முனிசாமி எழுதுவது. இங்கு நான் தும்மலுடன் நலம். அங்கு தாங்களும் தங்கை திரௌபதியும் தும்மாமல் இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பாறையில் நான் வாங்கிக் காயப்போட்டிருந்த சாமை முளைத்துவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது, "சோத்துக்கே தாளம் போடற நாட்டுக்கு ராக்கெட் இன்னாத்துக்கு மாப்ளே?" என்று நான் கேட்டதும், செயற்கைக்கோள் படம் பார்க்கும் ஆபீசில் வேலை செய்யும் தாங்கள் பாதி இட்லியோடு எழுந்துபோனதும் நினைவிருக்கும். தாங்கள் பரிசளித்த டிரான்சிஸ்டர் ரேடியோவை அந்தக் கோபத்தில் மலைக்குக் கொண்டுபோய்க் அங்கே சாமை விளைவிக்கும் குப்பம்மாளிடம் தள்ளிவிட்டு, ஈடாகச் சாமை வாங்கினேன். அவள் குவியலும் என் குவியலும் ஒரே பாறையில் காய்ந்தன. வெள்ளிக்கிழமை பூசை போடாமல் பாறையைவிட்டுத் தானியத்தை எடுப்பது அங்கே வழக்கமில்லை. மூட்டையை இறக்க என் ஜீப் வருவதும் வெள்ளிக்கிழமைதான். புதன்கிழமை மண்டையைப் பிளக்கும் வெயிலில் போய்ப் பார்த்தால், ஊரே பூசையை முடித்துத் தானியத்தை வீட்டுக்குச் சுமக்கிறது! குப்பம்மாளை நிறுத்திக் கேட்டேன்.

"இன்னாம்மா, வெள்ளிக்கெழம அதுக்குள்ள வந்துட்ச்சா?"

"புயல் வருதாம். மேலருந்து படம் புட்ச்சிகீறாங்க. ரேடியோ சொல்ச்சு."

"சாமி கோச்சுக்காதா?"

"நனஞ்ச சாமையில பொங்க வெச்சாதான் கோச்சுக்கும். உன்தயும் தூக்கட்டுமா யாவாரி?"

"மெட்ராஸ்ல குந்திக்கினு கீறவனுக்கு உன் பாற தெரியுமா? போம்மா!"

வியாழக்கிழமை விடியும்போது ஊற்றத் தொடங்கியது. மூன்று நாள் ஜீப் ஏறவில்லை, நானும் இறங்கவில்லை. குப்பம்மாள் காப்பாற்றிய சாமைச் சோற்றை அவள் வீட்டிலேயே உட்கார்ந்து தின்றுகொண்டு, என் சாமை முளைவிடுவதை வாசல் வழியே பார்த்தேன். "மெட்ராஸ்காரனுக்கு இந்தப் பாற நல்லாத்தான் தெரிஞ்சுகீது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றாள்.

அப்போதுதான் யோசித்தேன் மாப்பிள்ளை. வசதியான நாட்டில் ஒரு மழையில் தானியம் போனால் கிடங்கில் வேறு இருக்கும். குப்பம்மாளுக்கு வருஷச் சாப்பாடும் அடுத்த விதையும் அந்தப் பாறைமேல்தான் கிடந்தன. முன்கூட்டித் தெரியவேண்டியது இல்லாதவனுக்குத்தான். தாராளமாக இன்னும் நாலு ராக்கெட் விடுங்கள். பொங்கலுக்கு வந்து மிச்சப் பாதி இட்லியையும் சாப்பிடுங்கள்.

விளைந்ததெல்லாம் நனையாமல் வீடு வந்து சேர, தங்கைக்கும் தங்களுக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முனிசாமி

பி.கு.: புயல் செய்தியை ரேடியோவில் சொல்லுமுன் ஒரு நாள் முந்தி எனக்கு மட்டும் தந்தி அடிக்க முடியுமா? ஆரணி வியாபாரிகளுக்குத் தெரியவேண்டாம். கேட்க என்னிடம் இப்போது ரேடியோ இல்லை; திருப்பிக் கேட்டேன், குப்பம்மாள் தரவில்லை. கடைசியில் பேசி முடித்தது இதுதான்: ரேடியோ அவள் வீட்டில், பேட்டரி என் செலவு, புயல் என்றால் என் சாமையையும் அவளே தூக்கிவைப்பாள், மூட்டைக்கு ஒரு படி சாமை கூலி. கூலிக்கு முளைத்த சாமை செல்லாது.